கமம்பேரின் வெள்ளைத் தோல்

கேள்வி: மகன் வீட்டுக்குப் பாரிஸ் வந்திருக்கிறேன். இங்கே கமம்பேர் என்று ஒரு சீஸ், மேலே பூஞ்சை பிடித்த மாதிரி வெள்ளைத் தோல். மகன் தோலோடு விழுங்குகிறான், எனக்கோ வயிற்றைப் புரட்டுகிறது. மருமகளுக்கு ஏழாம் மாதம். தோலைச் சீவிவிட்டுக் கொடுக்கலாமா?
– 68 வயது வாசகி

பதில்: பூஞ்சை பிடித்த மாதிரி இல்லை அம்மா, பூஞ்சையேதான்! ஆனால் தானாக வந்து ஒட்டியதில்லை, சீஸ் செய்கிறவர்கள் வேண்டுமென்றே வளர்ப்பது. பெயர் பெனிசிலியம் கமம்பேர்ட்டி. சீஸ் உள்ளே இளகுவதே அந்தத் தோலின் வேலைதான். ஒரு துண்டு நறுக்கிப் பாருங்கள்: தோலை ஒட்டிய இடம் கூழாக வழிய, நடு மட்டும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்து இறுகியிருந்தால் அது இன்னும் பழுக்கவில்லை. வெளியிலிருந்து உள்ளே பழுத்துக்கொண்டு போகிற சரக்கு அது.

ஆகவே மகன் தாராளமாகச் சாப்பிடட்டும். மூக்கைப் பிடுங்குகிற அமோனியா நெடி வந்தால் பழுத்து எல்லை தாண்டிவிட்டது, தூக்கிப் போடச் சொல்லுங்கள். முன்ஸ்தேர், எப்வாஸ் என்று ஆரஞ்சுத் தோல் சீஸ்களும் அங்கே கிடைக்கும், உப்புத் தண்ணீரில் கழுவிக் கழுவி வளர்ப்பவை, நாள் முழுக்கப் போட்டுக் கழற்றிய சாக்ஸ் வாடை. அந்தத் தோலையும் சாப்பிடலாம், தைரியம் இருந்தால். எடாம் சீஸின் சிவப்பு மெழுகை மட்டும் உரித்துவிடுங்கள்.

மருமகள் கதை வேறு. தோலைச் சீவினாலும் வேண்டாம். பயம் பூஞ்சையைப் பற்றியதல்ல, லிஸ்டீரியா என்ற பாக்டீரியா பற்றியது. ஃபிரிட்ஜ் குளிரிலேயே பெருகுகிற ஜன்மம் அது, கருவையே கலைத்துவிடலாம். புளிப்பு இருந்தால் கொஞ்சம் அடங்கும், ஆனால் இந்தப் பூஞ்சை புளிப்பைத் தின்று தீர்ப்பதால் சீஸின் மேல்பக்கம் அதற்கு வசதியாகிவிடுகிறது. சுவிட்சர்லாந்தில் 1983 முதல் 1987 வரை வஷ்ரான் மோந்தோர் என்ற மென் சீஸில் இது புகுந்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீவுகிற கத்தியே கிருமியை உள்ளே இழுத்துக்கொண்டு போகும், அதனால் சீவுவதில் பெரிய லாபம் இல்லை.

ஆசைப்பட்டால் எமென்தால், கோம்தே மாதிரி கெட்டிச் சீஸ் கொடுங்கள், அதையும் தோலை நீக்கிவிட்டு. கமம்பேரேதான் வேண்டுமென்றால் நடுவரை ஆவி பறக்கக் கொதித்து உருகியபின் கொடுக்கலாம். ஏற்கெனவே சாப்பிட்டிருந்து காய்ச்சல் கண்டால் உடனே டாக்டரிடம் போய் என்ன சாப்பிட்டாள் என்பதையும் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. 65 தாண்டியவர்களுக்கும் இதே கிருமி ஆபத்துதான். வயிற்றைப் புரட்டுகிறது என்றீர்களே, புரட்டட்டும், விட்டுவிடுங்கள்.