லேப்டாப் எழுந்துவிட்டது, மானிட்டர் எழவில்லை. என்ன செய்வது?

கேள்வி இதுதான்: ஒருவர் லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் வெளி மானிட்டரோடு இணைத்து வேலை பார்க்கிறார். இரவு ஸ்லீப்பில் போட்டுவிட்டுக் காலையில் கீபோர்டைத் தட்டினால் லேப்டாப் எழுகிறது, மானிட்டர் கருப்பாகவே கிடக்கிறது. கடையில் ‘போர்டு போயிருக்கும்’ என்கிறார்களாம். புதிது வாங்க வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். மானிட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துச் செருகுங்கள். மானிட்டரில் இருக்கிற பொத்தானை அமுக்குவது கணக்கில் சேராது. அது பாதி அணைப்புதான், உள்ளே கரண்டு ஓடிக்கொண்டே இருக்கும். பிளக்கைச் செருகியதும் படம் வந்துவிட்டால், போர்டு போயிருக்க வாய்ப்பு குறைவு. கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே படியுங்கள்.

இந்த ஒரு நிமிட வைத்தியத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. காரைக்குடியில் எங்கள் வீடு பழைய வீடு. வளவை, அதாவது நடு முற்றத்தை, ஒட்டிய ஓர் அறைதான் என் ஆபீஸ். மானிட்டர் இரண்டு வருடம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. போன மழைக்காலத்தில் இன்வெர்ட்டர் வாங்கினோம். அதே வாரத்தில் மானிட்டர் காலையில் எழ மறுத்தது. மதியம் சாப்பிடப் போய்விட்டு வந்தால் ஒழுங்காக எழும். இரவு தூங்கினால்தான் வம்பு.

பழி இன்வெர்ட்டர் மேல் விழுந்தது. பார்க்க வந்த எலக்ட்ரீசியன் அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “எர்த் இல்லாத வீடு தம்பி, அதான்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மழை நாளில் ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து லேப்டாப்பின் உலோக மூடியை விரல் நுனியால் தடவினால், மெல்லிய நரம்பு துடிப்பது மாதிரி ஓர் அதிர்வு தெரியும். அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் வழியாகக் கசிகிற மிகச் சிறிய கரண்டு அது. எர்த் இருந்தால் அந்த வழியில் இறங்கிவிடும். இல்லாவிட்டால் நம் வழியாக இறங்கப் பார்க்கும்.

சரி என்று பின்கட்டுக்கு வெளியே குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கினார். ஒயரை அறைக்குக் கொண்டு வருவதுதான் பெரும்பாடு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர். இன்றைக்கும் கையை வைத்தால் கண்ணாடி போல வழுக்கும். “செவுத்துல ஒரு ஓட்டை விழுந்துச்சுன்னா பாத்துக்க” என்று அப்பத்தா வளவிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆகவே ஒயர் தேக்கு உத்தரத்தை ஒட்டியே ஊர்ந்து வந்தது.

வேலைக்காகக் காலையிலேயே மெயினையும் இன்வெர்ட்டரையும் அண்ணன் அணைத்திருந்தார். நான் லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிக்கொண்டிருந்தேன். மதியம் டிரில் போட வேண்டும் என்று மெயினைப் போட்டார். மானிட்டர் தானாகப் பளிச்சென்று எரிந்தது.

“பாத்தியளா தம்பி, எர்த்துதான்!” என்றார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். எர்த் ஒயரின் முனை இன்னும் உத்தரத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது, என் பிளக்குக்கு நாலடி தள்ளி.

மறுநாள் காலை, எர்த் முறையாகச் சேர்ந்த பிறகு, மானிட்டர் மறுபடியும் கருப்பு. விரலில் துடிப்பு மட்டும் நின்றிருந்தது. அப்போதுதான் உறைத்தது. இன்வெர்ட்டர் வருவதற்கு முன், கரண்டு போய்த் திரும்பும்போது வோல்டேஜ் எகிறிவிடுமோ என்ற பயத்தில் தினமும் இரவு சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்பேன். இன்வெர்ட்டர் வந்தது, பயம் போனது, அந்தப் பழக்கமும் போனது. மானிட்டரிடம் இந்தக் கோளாறு முதலிலிருந்தே இருந்திருக்கிறது. என் பயம் அதைத் தினமும் தெரியாமலே குணப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். எச்டிஎம்ஐ இணைப்பில் 19 பின்கள். 18ஆம் பின் வழியாக லேப்டாப் 5 வோல்ட் அனுப்பும். 19ஆம் பின் வழியாக மானிட்டர் ‘நான் இருக்கிறேன்’ என்று பதில் சொல்லும். இதற்கு ஹாட் பிளக் டிடெக்ட் என்று பெயர். பதில் வந்தால்தான் லேப்டாப் மானிட்டரின் ஜாதகத்தை, அதாவது எந்த ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ் என்பதையெல்லாம், வாங்கிப் படித்துவிட்டுப் படம் அனுப்பும். சில மானிட்டர்கள் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போது பதில் சொல்லும் பகுதியையும் சேர்த்து அணைத்துவிடுகின்றன. காலையில் லேப்டாப் எழுந்து பார்க்கிறது, பதில் இல்லை, ‘யாரும் இல்லை போல’ என்று படம் அனுப்பாமல் இருந்துவிடுகிறது. மானிட்டரோ படம் வந்தால்தான் எழுவேன் என்று கிடக்கிறது. பந்தியில் ‘நீங்க உக்காருங்க’, ‘இல்ல நீங்க உக்காருங்க’ என்று இரண்டு பேர் நின்றுகொண்டே இருப்பார்களே, அந்தக் கதை.

தீர்வு மானிட்டரின் சொந்த மெனுவிலேயே இருந்தது. டீப் ஸ்லீப் என்று ஒன்று இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். பவர் சேவிங், ஈகோ என்றும் போட்டிருப்பார்கள். அதோடு இன்புட் சோர்ஸ் ‘ஆட்டோ’வில் இருந்தால் மாற்றி, நீங்கள் கேபிள் செருகியிருக்கும் போர்ட்டில் (அந்தத் துளையின் பெயரில்) நிறுத்திவிடுங்கள். ஆட்டோவில் இருந்தால் மானிட்டர் எழுந்தவுடன் ஒவ்வொரு போர்ட்டாகத் தேடிக்கொண்டிருக்கும். அது சரியான போர்ட்டுக்கு வருவதற்குள் லேப்டாப் பொறுமை இழந்துவிடலாம். டீப் ஸ்லீப்பை அணைத்தால் சும்மா இருக்கும்போது மானிட்டர் கொஞ்சம் கூடுதலாகக் கரண்டு இழுக்கும், அவ்வளவுதான் நஷ்டம். நான் மாற்றி ஐந்து மாதம் ஆகிறது, ஒரு நாளும் தகராறு இல்லை.

பிளக்கைப் பிடுங்கியும் உங்களுக்குப் படம் வரவில்லையா? அப்போது தூங்குவது வேறு ஆள். மானிட்டரின் மெனு பொத்தானை அமுக்கிப் பாருங்கள். மெனு திரையில் வந்தால் மானிட்டர் விழித்துத்தான் இருக்கிறது, லேப்டாப்தான் படம் அனுப்பவில்லை. கீபோர்டில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அமுக்குங்கள். இந்த பி ‘பேட்ஸ்மேன்’ பி. திரை ஒரு கணம் அணைந்து, ஒரு பீப் சத்தத்தோடு கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது திரைக்குப் படம் அனுப்ப உதவும் மென்பொருள், மறுபடி தொடங்கும். திறந்து வைத்த ஃபைல்கள் அப்படியே இருக்கும், பயம் வேண்டாம். இதில் படம் வந்துவிட்டால் கோளாறு டிரைவரில். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கிப் போடுங்கள். அப்படியே விண்டோஸ், பி இரண்டையும் அமுக்கி (இது ‘புரொஜெக்டர்’ பி) திரை ‘பிசி ஸ்கிரீன் ஒன்லி’யில் மாட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நடுவில் டைப்-சி டாக் (ஒரே ஒயரில் லேப்டாப்போடு பல சாதனங்களை இணைக்கும் பெட்டி) இருந்தால் கதை வேறு. தேவகோட்டையில் சித்தி மகனுக்கு மானிட்டரும் நல்லது, டிரைவரும் புதிது, ஆனாலும் எழவில்லை. டாக்கின் ஒயரைக் கழற்றி மாட்டினால் மட்டும் வரும். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றிலும் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், மின்சாரம் சேமிக்க அதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்தோம். பவர் ஆப்ஷனில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் நிறுத்தினோம். பாதிதான் தேறியது. டாக்கின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, அப்டேட் செய்த பிறகுதான் முழுசாகச் சரியானது. அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

எச்டிஎம்ஐக்குப் பதிலாக டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் என்றால் கேபிளையும் சந்தேகப்படுங்கள். அதில் 20ஆம் பின் மின்சாரத்துக்கானது. சாதாரண கேபிளில் அந்தப் பின் இரு முனைக்கும் இடையே இணைந்திருக்கக் கூடாது என்பது விதி. மலிவான கேபிள்கள் சிலவற்றில் இணைத்துவிடுகிறார்கள். மானிட்டரின் கரண்டு அந்த வழியாக எதிர்ப்பக்கம் ஏறி, தொடங்குவதிலும் எழுவதிலும் விசித்திரமான தகராறுகள் செய்யும். மேக்புக்கை மூடியே வைத்து வேலை செய்பவர்கள் சார்ஜர் செருகியிருக்கிறதா, வெளி கீபோர்டும் மவுஸும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

சரியாகாவிட்டால் கீழே எழுதுங்கள். மானிட்டரின் விளக்கு அப்போது எந்த நிறத்தில் இருந்தது, மெனு வந்ததா, நடுவில் டாக்கோ கன்வெர்ட்டரோ இருக்கிறதா, இந்த மூன்றையும் குறிப்பிடுங்கள்.

எலக்ட்ரீசியன் அண்ணன் போன வாரம் வேறு வேலைக்கு வந்தார். மானிட்டர் எரிவதைப் பார்த்துவிட்டு, “எர்த் போட்டதுக்கப்புறம் ஒரு கம்ப்ளெயின்ட் இல்லைல்ல தம்பி?” என்றார். இல்லை அண்ணே என்றேன்.