தம்பிக்குத் தளர்வது நரம்பா, தசையா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 45 வயது. சில ஆண்டுகளாக இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, கோப்பையைத் தூக்கினால் கை நடுங்குகிறது, இப்போது மாடிப்படி ஏறவும் சிரமம். ரத்தத்தில் சி.கே. என்ற தசை நொதியின் அளவு 1,100 என்றார்கள். கொழுப்பு மாத்திரையை நிறுத்தியும் குறையவில்லை. கல்லீரல் அளவுகளும் கூடியிருப்பதால், மதுவைத் தொடாதவனிடம் "குடிப்பீர்களா?" என்று கேட்கிறார்கள். எங்கள் தாய்மாமாவுக்கும் ஐம்பது வயதுக்கு மேல் கால் இப்படித்தான் தளர்ந்தது. கென்னடி நோயாக இருக்கலாம் என்கிறார் நரம்பு மருத்துவர். நரம்பு நோய்க்குத் தசை நொதியின் அளவு ஏன் ஏறுகிறது? தம்பி தைப்பூசக் காவடி எடுக்கலாமா? என் இரண்டு மகன்களுக்கும் இது வருமா?

பதில்: அம்மா, உங்கள் மருத்துவரின் சந்தேகம் நியாயமானது. கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது தாய்மாமாதான். தாய்வழி ஆண்களிடம் இப்படித் தளர்ச்சி தொடர்ந்தால், ஆணுக்குத் தாயிடமிருந்து மட்டுமே வரும் எக்ஸ் குரோமோசோமைப் பார்த்தே ஆகவேண்டும். ரத்தத்தில் செய்யும் ஒரே மரபணுப் பரிசோதனை இதை உறுதி செய்துவிடும், அல்லது விலக்கிவிடும். மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் பரிந்துரைக் கடிதத்துடன் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போகலாம்.

வில்லியம் கென்னடி என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1968-இல் விவரித்த நோய் இது. காரணம் 1991-இல் தெரிந்தது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஏற்கும் புரதத்தின் மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்து வருகிறது. எல்லோருக்கும் அது உண்டு. 38 முறையோ அதற்கு மேலோ வந்தால் நோய். நீண்டுபோன அந்தப் புரதம் டெஸ்டோஸ்டிரோனோடு சேரும்போதுதான் கேடு செய்யத் தொடங்குகிறது. அந்த ஹார்மோன் குறைவாக இருப்பதால் பெண்கள் பெரும்பாலும் தப்பிவிடுகிறார்கள். சிலருக்குத் தசைப்பிடிப்போடு நின்றுவிடும்.

தண்டுவடத்து நரம்பணு சாகிறது, அதன் கட்டளை கிடைக்காத தசை மெலிகிறது என்றுதான் எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அது பாதிதான் சரி. நரம்பு மட்டும் கெட்டால் சி.கே. ஓரளவு ஏறும், ஆயிரத்தைத் தாண்டுவது வழக்கமில்லை. கென்னடி நோயிலோ தளர்ச்சி தெரியும் முன்பே பல மடங்கு ஏறிவிடுவதுண்டு. தசைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், நரம்பை இழந்த தசையின் அடையாளமும் தசை தானாகவே நோயுற்ற அடையாளமும் கலந்து தெரியும். 2014-இல் வெளிவந்த எலி ஆய்வில், அந்தப் புரதத்தைத் தசையில் மட்டும் உருவாகாமல் தடுத்தார்கள். நரம்பணுவில் கோளாறான புரதம் அப்படியே இருந்தும் எலிகள் பெருமளவு தப்பின. நோயுற்ற தசை நரம்பையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது என்றே நான் நினைக்கிறேன். மூளையைத் தாக்கும் பரம்பரை நோயான ஹன்டிங்டன் நோயிலும் கோளாறான புரதம் மூளையில் மட்டுமல்ல, தசையிலும் உருவாகிறது. நரம்பு, தசை என்று நோய்களைப் பிரித்து எழுதுவது எங்கள் வசதிக்குத்தான்.

கல்லீரல் விஷயத்தில் தம்பிக்கு நடந்தது எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற இரண்டு நொதிகளும் தசையிலும் இருக்கின்றன. தசை சிதைந்தால் அவையும் ரத்தத்தில் ஏறும். காமா ஜி.டி. என்ற கல்லீரல் நொதி தசையிலிருந்து வருவதில்லை, அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையையும் பார்க்கட்டும். இந்த நோயில் அது கூடுவதுண்டு. நம்மவர்களிடம் ஏற்கெனவே அதற்குப் பஞ்சமில்லை. கொழுப்பு மாத்திரை தொடர வேண்டுமா என்பதை இதயத்தின் நிலையைப் பார்த்து மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

கணினியில் தேடி, சில ஆண்டுகளில் உயிரைக் குடிக்கும் நரம்பு நோயோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது பல பத்தாண்டுகளாக மெல்ல நகர்வது. விழுங்கும்போது புரையேறினால் மட்டும் தாமதிக்காமல் சொல்லுங்கள். நுரையீரலில் சளிக் காய்ச்சல் வர அதுவே வழி. வேரறுக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஹார்மோனைக் குறைக்கும் லியூப்ரோரெலின் ஊசிக்கு ஜப்பான் 2017-இல் அனுமதி தந்தது. உடம்பு தேற்றுகிறேன் என்று ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசியை நீட்டினால் தம்பி வாங்கவே கூடாது. அது எரிகிற தீயில் நெய்.

காவடிக்கு வருகிறேன். ஜனவரி, பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில், விரதமிருந்து நீர் வற்றிய உடம்போடு பாரம் சுமந்தால் பிடிப்பு கூடும். தளர்ந்த தொடையோடு விழவும் நேரலாம். இந்த ஆண்டு சின்னப் பால்குடம் போதும். பக்கத்தில் ஒருவர் கைபிடித்து வரட்டும், தண்ணீர் குடித்துக்கொண்டே நடக்கட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். மற்ற நாட்களில் மூச்சிரைக்காத நடையும் நீச்சலும் நல்லவை. மறுநாளும் வலி நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

தம்பிக்கு இது உறுதியானால், உங்கள் தாயார் இந்த மரபணுவைச் சுமப்பவர் என்று கொள்ளலாம். நீங்கள் சுமக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. சுமந்தால் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி. ஆகவே முதலில் உங்களுக்குத்தான் பரிசோதனை. உங்களிடம் இல்லையென்றால் மகன்களைப் பற்றிய பேச்சே வேண்டாம். இருந்தால், அவர்கள் பதினெட்டைத் தாண்டி, தாங்களே கேட்டால் மட்டும் செய்யலாம்.

தம்பியின் மகன்களுக்கு அவர் வழியாக வராது. மகள்கள் எல்லோரும் சுமப்பார்கள். ஆனால் அவர் மணந்திருப்பது அந்தத் தாய்மாமாவின் மகளையா? நம் குடும்பங்களில் நடப்பதுதான். மாமாவுக்கும் இதே நோய் என்றால் அவர் மகள் கட்டாயம் சுமப்பவர். அப்போது தம்பியின் மகன்களுக்கும் தாய்வழியாக வர வாய்ப்பு உண்டு. மரபணு ஆலோசகரைப் பார்க்கும்போது யார் யாரை மணந்தார்கள் என்பதையும் எழுதி எடுத்துப்போங்கள். அவர்களாகக் கேட்கத் தோன்றாது.