கேரண்டும் கார்பைனும்: வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்க ராணுவத்தின் இரண்டாம் உலகப் போர்க்காலத் துப்பாக்கிகளான எம்-1 கேரண்ட், எம்-1 கார்பைன் பற்றியவை. ரிசீவரில் (மற்ற பாகங்கள் பூட்டப்படும் உலோக உடலில்) உள்ள பெயரையோ எண்ணையோ குறிப்பிடாமல் "என்ன விலை போகும்?" என்று மட்டும் எழுதியவர்கள் பதிலை எதிர்பார்க்க வேண்டாம். மற்றவர்களும் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் முதல் வேலையாகத் தோட்டா அறை காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். பிறகு மேலே படியுங்கள்.

என் கார்பைனில் ராக்-ஓலா என்று பொறித்திருக்கிறது. அது ஜூக்பாக்ஸ் நிறுவனமல்லவா? இது போலியா?

போலியல்ல. சிகாகோவில் ஜூக்பாக்ஸ் செய்த அதே நிறுவனம்தான். இரண்டாம் உலகப் போரில் ஐபிஎம், தட்டச்சுப்பொறி செய்த அண்டர்வுட், தபால் எந்திரம் செய்த நேஷனல் போஸ்டல் மீட்டர் எல்லாம் கார்பைன் செய்தன. மொத்தம் 60 லட்சத்துக்கு மேல். அதில் ஜெனரல் மோட்டார்ஸின் இன்லேண்ட் பிரிவு மட்டும் சுமார் 26 லட்சம். ராக்-ஓலா இரண்டேகால் லட்சம் சொச்சம். ராக்-ஓலாவுக்கு விலை அதிகம் என்பதற்குக் காரணம் இந்தக் குறைந்த எண்ணிக்கைதான், தரமல்ல.

ரிசீவர் எண்ணின்படி என் கேரண்ட் ஸ்பிரிங்ஃபீல்டு ஆலை 1943-இல் செய்தது. பேரலில் (குழலில்) 1952 என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. பேரல் தேய்ந்ததும் ராணுவமே மாற்றியிருக்கிறது. ரிசீவர் எண் ரிசீவரின் வயதை மட்டுமே சொல்லும். கேரண்ட் செய்த இன்னொரு நிறுவனமான வின்செஸ்டரின் போர்க்காலப் பேரலில் தேதியே இருக்காது; அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கடையில் 180 கிரெய்ன் வேட்டைத் தோட்டா மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் 30-06 தானே, கேரண்டில் போடலாமா?

கூடாது. அளவு கேரண்டின் 30-06 தான், ஆனால் தன்னை இயக்கிக்கொள்ளும் வாயுவை கேரண்ட் ஒரு துளை வழியாக எடுப்பது பேரலின் நுனிக்கு அருகில். கனமான ரவையை மெதுவாக எரியும் வெடிமருந்தால் தள்ளும் தோட்டாவில், ரவை அந்தத் துளையைத் தாண்டும் போதும் அழுத்தம் குறையாமல் இருக்கும். அடி முழுவதும் வாயு பின்னுக்குத் தள்ளும் கம்பியான ஆப்பரேட்டிங் ராடின் மேல் விழும், ராட் வளையும். பழைய எம்-2 ராணுவத் தோட்டாவின் அளவில், 150 கிரெய்ன் (ரவையின் எடை அளவு) ரவையுடன், கேரண்டுக்கென்றே விற்பதை வாங்குங்கள். பெட்டி ஒன்றுக்குச் சில டாலர் மிச்சம் பிடித்து ராடை இழக்காதீர்கள்.

1940-களின் ராணுவத் தோட்டா ஒரு பெட்டி கிடைத்தது. சுட்டால் துரு பிடிக்குமா?

30-06 என்றால் பிடிக்கும். அக்காலப் பிரைமர் (தோட்டாவின் அடியில் பொறி தரும் மூடி) பேரலுக்குள் உப்பை விட்டுச்செல்லும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுட்ட அன்றே வெந்நீரால் பேரல், கேஸ் சிலிண்டர் (பேரல் நுனியில் வாயு வந்து சேரும் உருளை), அதன் மூடி மூன்றையும் கழுவி, நன்றாக உலர்த்தி, பேரலுக்கு எண்ணெய் தடவுங்கள். கேஸ் சிலிண்டருக்குள் எண்ணெய் வேண்டாம். கார்பைன் தோட்டாவில் இந்தத் தொல்லை இல்லை: கார்பைனின் வாயு தள்ளும் பிஸ்டனைக் களத்தில் கழற்ற முடியாது என்பதால் அமெரிக்காவில் தொடக்கத்திலிருந்தே உப்பில்லாப் பிரைமர்தான். வெளிநாட்டில் செய்தவற்றுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

என் கேரண்டில் ரிசீவர் ஸ்பிரிங்ஃபீல்டு, போல்ட் வின்செஸ்டர், டிரிகர் பகுதி எச் அண்ட் ஆர் (ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன்). எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்துக்கு மாற்றி, மரக்கட்டையையும் புதுப்பிக்க நினைக்கிறேன். பாகங்கள் எங்கே கிடைக்கும்?

கிடைக்குமிடம் தெரியும். சொல்ல மாட்டேன்.

கேரண்டில் வரிசை எண் உள்ள ஒரே பாகம் ரிசீவர். மற்றவற்றில் வரைபட எண்ணும் செய்தவரின் எழுத்தும்தான். யார் செய்தது யாருடையதிலும் பொருந்த வேண்டும் என்பதே அந்த வடிவமைப்பின் பெருமை. போர் முடிந்ததும் ராக் ஐலண்ட், ரெட் ரிவர் போன்ற ராணுவப் பட்டறைகள் துப்பாக்கிகளைப் பிரித்து, தேறிய பாகங்களைப் பெயர் பார்க்காமல் மீண்டும் பூட்டி அனுப்பின. கொரியப் போருக்குப் போனவை பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான். உங்களிடம் இருப்பது ராணுவம் வைத்திருந்த நிலையிலேயே இருக்கும் துப்பாக்கி. அதைக் கலைத்து "1943-இல் வெளிவந்தபடி" என்று ஜோடிப்பது மீட்பு அல்ல, வேஷம்.

இந்த வெறியால் நடக்கும் கூத்தைக் கேளுங்கள். பழைய ஆப்பரேட்டிங் ராடுகள் ஒரு மூலையில் விரிசல் விட்டன. பட்டறைகள் அந்த மூலையை அரைவட்டமாக வெட்டிவிட்டன; வெட்டாதவை அரிதாயின. இன்று சேகரிப்பாளர்கள் வெட்டாத ராடைத்தான் பெரும் விலைக்குத் தேடி வாங்குகிறார்கள். வாங்கிப் பூட்டிச் சுடவும் செய்கிறார்கள்! ராணுவம் ஆபத்து என்று திருத்தியதைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள்.

கட்டையின் கதை இன்னும் மோசம். ராக் ஐலண்டின் முத்திரையை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, போர்க்கால ஸ்பிரிங்ஃபீல்டு முத்திரையைப் புதிதாகக் குத்துகிறார்கள். அச்சுகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. எண்பது ஆண்டு கைபட்ட மரத்தில் முத்திரையின் ஓரம் மழுங்கியிருக்க வேண்டும். சுற்றிலும் கீறலும் பள்ளமும் நிறைந்து, முத்திரை மட்டும் கூர்மையாக நின்றால் பையை மூடிக்கொண்டு நகருங்கள். கட்டைக்கு ஈரத் துணியும் கொஞ்சம் லின்சீட் எண்ணெயும் போதும். உப்புத்தாளைத் தொடாதீர்கள்.

எண்ணெய் விட்ட பிறகு என் கார்பைன் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுக்க வைக்கிறது.

பிஸ்டனுக்கு எண்ணெய் விட்டிருப்பீர்கள். அது உலர்ந்தே இருக்க வேண்டும். எண்ணெய் புகையோடு சேர்ந்து கெட்டியாகி அதைப் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கியைச் சாய்த்தால் பிஸ்டன் தானாக நகர வேண்டும். நகரவில்லையென்றால் அதற்குரிய சாவியுள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். குறடால் பிஸ்டன் நட்டைத் திருகாதீர்கள். பிஸ்டன் சரியென்றால் மேகசினை மாற்றிப் பாருங்கள்.

தானியங்கியாகச் சுடும் எம்-2 கார்பைனின் பாகங்கள் ஒரு செட் கிடைத்தது. என் எம்-1 கார்பைனில் பூட்டலாமா?

பூட்டவே வேண்டாம், இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதையே அமெரிக்கச் சட்டம் பதிவில்லாத இயந்திரத் துப்பாக்கியாகக் கொள்ளலாம். 1986 மே மாதத்துக்குப் பிறகு தனியார் புதிதாகப் பதிவு செய்யவும் முடியாது. இன்றே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

என் கேரண்ட் ரிசீவரில் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் பெயர். ஆனால் ஸ்பிரிங்ஃபீல்டு செய்தது என்கிறார் நண்பர்.

நண்பர் சொல்வது சரியாக இருக்கலாம். டிராக்டர் செய்த அந்நிறுவனம் இண்டியானாவின் எவன்ஸ்வில்லில் தடுமாறியபோது ஸ்பிரிங்ஃபீல்டும் எச் அண்ட் ஆரும் ரிசீவர்கள் செய்து கொடுத்தன. எழுத்துகள் அடுக்கியிருக்கும் விதத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். நீங்களோ படம் அனுப்பவில்லை.

வாங்கும் முன் பேரலை எப்படிச் சோதிப்பது?

அறைப்பக்கத் தேய்மானம், நுனித் தேய்மானம் இரண்டுக்கும் அளவுகோல் உண்டு. அவற்றில் இரண்டும் 3-க்குள் காட்டினால் நல்லது. விற்பவர் அளக்க விடவில்லையென்றால் வாங்காதீர்கள். கேரண்டை நுனியிலிருந்துதான் துடைக்க முடியும்; கம்பி உரசாமல் இருக்க ஒரு வழிகாட்டி மாட்டுங்கள். தோட்டாக்களைவிடத் துடைப்புக் கம்பி கெடுத்த நுனிகளே அதிகம்.

கேரண்டுக்கு எந்த கிரீஸ்?

கார் சக்கரத்துக்குப் போடும் கிரீஸே போதும். போல்ட்டின் காதுகள், ராட் ஓடும் பள்ளம், உராய்ந்து பளபளக்கும் இடங்கள் எல்லாவற்றிலும் மெல்லிய பூச்சு. கேஸ் சிலிண்டரில் போடலாமா என்று அடுத்த மாதம் கேட்டு எழுதாதீர்கள்.