கேஜ் சிவப்பில் நிற்கிறது, ஏசி குளிரவில்லை

கார் ஏசிக்குக் கேனில் இருந்து கேஸ் ஏற்றும்போது கேஜ் முள் சிவப்பில் நின்று, ஏசியும் குளிரவில்லை என்றால், இனி கேஸ் ஏற்றாதீங்க. முள் சிவப்பில் இருப்பதால் கேஸ் நிறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் கேஸை அழுத்தும் கம்ப்ரசர் ஓடவே இல்லை. 30 டிகிரி வெயிலில் ஓடாத சிஸ்டத்தில் ஆர்134ஏ (கார் ஏசி கேஸ்) அழுத்தம் 95 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) அளவில்தான் நிற்கும், கேஸ் பாதி இருந்தாலும்.

இன்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுக் குளிரில், ப்ளோயரை முழு வேகத்தில் வைங்க. கம்ப்ரசர் முகப்பில் புல்லி மட்டும் சுற்றி, நடுத்தட்டு அசையாமல் நின்றால், கம்ப்ரசரைப் புல்லியோடு இணைக்கும் கிளட்ச் பிடிக்கவில்லை. முதலில் ஃபியூஸ், ரிலே, பிறகு பிரஷர் சுவிட்ச் பாருங்க.

தட்டும் சுற்றி, கேஜ் மாட்டிய லோ சைடு (குறைந்த அழுத்தக் குழாய்) 60 பிஎஸ்ஐயைத் தாண்டினால் கேஸ் அதிகமாக இருக்கலாம், அல்லது ரேடியேட்டர் ஃபேன் ஓடாமல் இருக்கலாம். கேஸைக் காற்றில் திறந்துவிடாதீங்க. மெஷின் உள்ள கடையில் முழுக்க எடுத்து, வேக்யூம் போட்டு (உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி), பானட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குக்கு நிரப்பச் சொல்லுங்க.

கேனை ஹை சைடில் (அதிக அழுத்தக் குழாயில்) மாட்டவே கூடாது, வெடிக்கும்.