இலங்கையில் சுயாதீன ஊடகத்துக்கும் நிலைமாறுகால நீதிக்கும் வெளிநாட்டில் இருந்து எப்படி உதவலாம்?

பயிலரங்குக்குக் காசு அனுப்பாதீர்கள். செய்தியாளருக்குச் சம்பளம் கிடைக்க வழி செய்யுங்கள். என் பதில் அவ்வளவுதான், மிச்சம் விளக்கம். நிலைமாறுகால நீதி என்றால், போர்க்கால அநீதிகளுக்கு உண்மையும் நீதியும் தேடும் வேலை.

கேள்வியைப் பார்த்தால் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. ஊர்ச் சங்கத்தில் கொஞ்சம் நிதி சேர்ந்திருக்கும், 'ஊடகத்துக்கும் ஏதாவது செய்வம்' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இல்லையென்றால் மன்னிக்கவும்.

நான் முல்லைத்தீவில் சில காலம் பிராந்தியச் செய்தியாளராக இருந்தவன். மாதச் சம்பளம் கிடையாது. அனுப்பிய செய்திக்கும் காசு இல்லை, அச்சில் வந்த செய்திக்குத்தான். பெற்றோல் நம்முடைய செலவு.

2023 யூன் கடைசியில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அந்தக் கிழமை எங்கெங்கோ இருந்தெல்லாம் கமெராக்கள் வந்தன. நவம்பரில் அகழ்வு நின்றது. நிதி இழுபறிப்பட்டு 2024 யூலையில்தான் திரும்பத் தொடங்கியது. முடிவில் கணக்கு 52 பேரின் எச்சங்கள். நடுவில் இருந்த மாதங்களில் நடந்ததெல்லாம் நீதிமன்றத் தவணைகள்தான். அறிக்கை வரவில்லை, காசு வரவில்லை, அடுத்த திகதி. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய செய்தி: ஒரு புதைகுழி வழக்கை யாரும் மறுக்காமலே எப்படி ஆறப்போடலாம் என்பது. எங்கள் இரவுப் பொறுப்பாசிரியருக்கு அப்படித் தெரியவில்லை. "எலும்பு வந்தால் அனுப்பும்" என்றார்.

நீதிமன்ற வாசலில் ஒரு அம்மா, மகனைத் தேடுகிறவர், என்னை மறித்துக் கேட்டார்: "தம்பி, அடுத்த தவணை எப்பவெண்டு பேப்பரில போடுங்கோவன். எங்களுக்கு ஒருத்தரும் சொல்லுறேல்ல." எழுதி அனுப்பினேன். வரவில்லை.

அதே காலத்தில் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், எங்களை விடுதியில் வைத்து நிலைமாறுகால நீதியின் நான்கு தூண்களைப் படிப்பித்தது. உண்மை, நீதி, இழப்பீடு, மீள நிகழாமை. நல்ல சாப்பாடு. அந்த நாட்களில் ஒன்றில்தான் அந்த வழக்கின் தவணையும். நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய நாங்கள் எல்லோரும் விடுதியில் தூண்களை எண்ணிக்கொண்டிருந்தோம்.

உடனே கருத்துப் பகுதியில் சண்டைக்கு வர வேண்டாம். பயிற்சியே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கைப்பேசியில் ஆதாரத்தைப் பாதுகாப்பதையும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் விசாரணைக்கு அழைத்தால் என்ன கேட்கலாம் என்பதையும் அப்படியான இடத்தில்தான் படித்தேன். ஆனால் 2015இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை எடுத்த தீர்மானத்தில் அரசு ஒத்துக்கொண்டவற்றில் காணாமல் போனோர் அலுவலகமும் இழப்பீட்டு அலுவலகமும் வந்தன, போர்க்கால மீறல்களை விசாரிக்கும் விசேட நீதிமன்றம் வரவில்லை. 2020இல் அந்தத் தீர்மானத்துக்குக் கொடுத்த இணை அனுசரணையில் இருந்தே விலகிவிட்டார்கள். மிஞ்சியிருப்பது சாதாரண நீதவான் நீதிமன்றம். அங்கே குந்தியிருக்க ஒரு ஆள் வேண்டும்.

'நிமலராஜனும் சுகிர்தராஜனும் சம்பளம் பார்த்தா எழுதினார்கள்?' என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். முன்பும் கேட்டிருக்கிறார்கள். இருவரும் கொல்லப்பட்ட தமிழ்ச் செய்தியாளர்கள். நிமலராஜன் 2000இல் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். திருகோணமலையில் ஐந்து மாணவர்கள் இறந்தது துப்பாக்கிச் சூட்டால்தான் என்பதைச் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் காட்டின. அதே மாதம், 2006 சனவரியில், அவரையும் சுட்டார்கள். இரண்டு கொலைக்கும் இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. செத்தவர்களைக் காட்டி, உயிரோடு இருப்பவனின் பெற்றோல் காசை நிறுத்தாதீர்கள்.

என்ன செய்யலாம்? ஒரு மாவட்டத்துக்கு ஒரு நீதிமன்றச் செய்தியாளர், குறைந்தது ஒரு வருடச் சம்பளம். எதை எழுத வேண்டும் என்று நீங்கள் சொல்லக்கூடாது, முக்கியமாகச் சங்கத் தலைவர் சொல்லக்கூடாது. வழக்கு வந்தால் நிற்க ஒரு சட்டத்தரணிக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். அகழ்வுக்கு எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவு விட்டார்கள் என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அந்த உரிமை இலங்கைப் பிரஜைகளுக்கு மட்டும். பிரஜாவுரிமையை விட்டிருந்தால் உங்களால் முடியாது, அந்தச் செய்தியாளரால் முடியும்.

கேள்விக்கு வெளியேதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வெயிலில் நின்று எடுத்த படங்களை வெளிநாட்டில் இருந்து நடத்தும் சில தளங்கள் தங்கள் முத்திரையைக் குத்திப் போடுகின்றன. பெயரும் இல்லை, காசும் இல்லை. கேட்டால் "இனத்துக்காகத்தானே தம்பி" என்கிறார்கள். அவர்களும் நிதி சேர்க்கிறார்கள், உங்கள் சங்கத்துக்கும் வருவார்கள். கொடுக்க முன்னம், படம் எடுத்தவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேளுங்கள்.