டாப் லோட் வாஷிங் மெஷின் எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறது? கேள்வி பதில்

ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடிய பிறகுதான் பின்பக்கத் தகடைக் கழற்ற வேண்டும். கீழே உள்ளவை பெல்ட்டில் ஓடும், அடியில் சுழல்தட்டு (பல்செட்டர்) உள்ள ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷின்களுக்கானவை.

கேள்வி: நன்றாகத் துவைக்கிறது, தண்ணீர்தான் வெளியேறவில்லை. ஸ்பின்னுக்குப் போகாமல் பீப் அடித்து நிற்கிறது. டிரெயின் மோட்டாரை மாற்றிவிடலாமா சார்?

அவசரப்படாதீர்கள். முதலில் வெளியேற்றும் ஹோஸைப் பாருங்கள். பம்ப் இல்லாத மெஷினில் தண்ணீர் தானாக வடிய வேண்டும். ஹோஸ் வழியில் 10-15 செ.மீ.க்கு மேல் மேடு ஏறினாலோ, முனை தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலோ வடியாது.

அது சரியென்றால் டிரம்மில் நிற்கும் தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டு, பின்தகடைக் கழற்றுங்கள். பிளக்கைச் செருகி ஸ்பின் மட்டும் போட்டு, கையை உள்ளே விடாமல் தள்ளி நின்று கவனியுங்கள். டிரெயின் மோட்டார், வெளியேற்றும் வால்வைத் திறக்க ஒரு கம்பியை மெல்ல இழுக்க வேண்டும்.

கம்பி இழுபடுகிறதா? மோட்டார் நல்ல மோட்டார். அடைப்பு வால்வில். பிளக்கைப் பிடுங்கி, வால்வு மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே உள்ள ரப்பரை வெளியே எடுங்கள். ஹேர்பின், சட்டைப் பொத்தான், நாணயம், நூல் கொத்து, இவற்றில் ஒன்று இருக்கும். ரப்பர் நுனி கிழிந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

கம்பி அசையவே இல்லையென்றால், பிளக்கைப் பிடுங்கிய நிலையில் டிரெயின் மோட்டாரின் இரு முனைகளில் மல்ட்டிமீட்டரை வையுங்கள். சாதாரண ஏசி வகை சில கிலோ ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. உள்ளே ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் பாகம்) உள்ள வகையில் இந்த அளவை நம்ப முடியாது. மோட்டார் நன்றாக இருந்தால் மூடி ஸ்விட்சைப் பாருங்கள். மூடி திறந்திருப்பதாக போர்டு நினைத்தாலும் ஸ்பின் தொடங்காது.

கேள்வி: வால்வில் ஹேர்பின்தான் இருந்தது, எடுத்துவிட்டேன். தண்ணீர் போகிறது. இப்போது துவைக்கும்போது டிரம்மும் சேர்ந்து சுற்றுகிறதே?

அதே கம்பிதான் காரணம். அது வால்வைத் திறப்பதோடு கிளட்ச் லீவரையும் இழுக்கிறது. துவைக்கும்போது லீவர் பழைய இடத்துக்குத் திரும்பி டிரம்மைப் பிடித்து நிறுத்த வேண்டும். கழற்றி மாட்டியதில் கம்பி இறுக்கமாகிவிட்டால் லீவர் பாதியில் நிற்கும், டிரம் பிடிப்பின்றிச் சுற்றும். கம்பியைச் சற்றுத் தளர்த்தி மாட்டுங்கள். ரொம்பத் தளர்த்தினால் எதிர்க்கோளாறு வரும்: வால்வு பாதிதான் திறக்கும், ஸ்பின்னில் கரகரவென்று பல் உரசும் சத்தம் கேட்கும்.

கேள்வி: தண்ணீர் நிரம்பியதும் உம்மென்ற சத்தம் மட்டும் வருகிறது, தட்டு சுற்றவில்லை.

பிளக்கைப் பிடுங்கி, தட்டைக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் முதல் சந்தேகம் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர்மேல்தான். அதன் முனைகளைத் தொடுமுன் ஹோல்டரில் மாட்டிய 60 அல்லது 100 வாட் குண்டு பல்பின் இரு ஒயர்களையும் முனைகளில் சில நொடி வைத்து மின்சாரத்தை இறக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்வது கெட்ட பழக்கம். மேலே 10 மைக்ரோ ஃபாரட், ±5% என்று அச்சிட்டிருந்தால் மீட்டரில் 9.5க்குக் கீழே போகக் கூடாது. புதியதன் மைக்ரோ ஃபாரட் அதே அளவாக இருக்கட்டும். வோல்ட் கூடலாம், குறையக் கூடாது.

கையால் சுற்றவே முடியவில்லையென்றால் தட்டுக்கு அடியில் ஏதோ சிக்கியிருக்கிறது. நடு ஸ்க்ரூவைக் கழற்றி, கொஞ்சம் வெந்நீர் ஊற்றி உப்பை இளக்குங்கள். எதிரெதிர்த் துளைகளில் வளைத்த கம்பிகளை மாட்டி இரு பக்கமும் சமமாக மேலே தூக்குங்கள். ஓரத்தில் நெம்பினால் விளிம்பு உடைந்து, பிறகு துணிகளைக் கிழிக்கும்.

கேள்வி: மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, தட்டுதான் சும்மா நிற்கிறது அண்ணா.

பெல்ட் நழுவியிருக்கும், இல்லாவிட்டால் தட்டின் நடுத்துளைப் பற்கள் தேய்ந்திருக்கும். பெல்ட் சரியாக இருந்தால் தட்டைக் கழற்றிப் பாருங்கள். பற்கள் வழவழவென்று வட்டமாகியிருந்தால் தட்டை மாற்றுவதுதான் வழி. பசை, எம்-சீல் எல்லாம் நிற்காது.

கேள்வி: ஸ்பின்னில் டிரம் டமால் டமால் என்று மெஷினின் உடம்பில் இடித்து நின்றுவிடுகிறது.

துணியைப் பரப்பிப் போட்டு, நான்கு கால்களும் தரையில் அழுந்துகின்றனவா என்று பாருங்கள். பிறகு காலி டிரம்மை ஒரு பக்கம் அழுத்தி விடுங்கள். ஓரிரு முறை ஆடி அடங்கினால் நல்லது. தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் டிரம்மைத் தாங்கும் சஸ்பென்ஷன் ராடுகள் போய்விட்டன. நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் டிரம் சாய்ந்தே தொங்கும். சில மாடல்களில் முன், பின் ராடுகள் வேறு வேறு. எது எங்கே இருந்தது என்று கழற்றுமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தண்ணீர் ஏற ஒரு மணி நேரம் ஆகிறது.

தண்ணீர் உள்ளே வரும் இன்லெட் ஹோஸைக் கழற்றினால் வால்வின் வாயில் சின்ன வலை தெரியும். குறடால் இழுத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகும் அப்படியே என்றால் அழுத்தம் போதவில்லை. பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 பார் வேண்டும், அதாவது மெஷினுக்கு மேல் சுமார் 3 மீட்டர் உயரத்தில் தொட்டி.

கேள்வி: எனக்கு நேர்மாறு. தண்ணீர் நிற்காமல் ஏறி வழிகிறது.

ஏறும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். அப்போதும் ஏறினால் இன்லெட் வால்வு பழுது. நின்றுவிட்டால், நீர்மட்டம் பார்க்கும் சென்ஸாருக்குப் போகும் மெல்லிய டியூப் கழன்றோ, கிழிந்தோ, அழுக்கு அடைத்தோ இருக்கும். டியூபைச் சென்ஸாரிலிருந்து கழற்றிய பிறகே ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: ஈரக் கையால் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டு ஓட்டலாமா?

கூடாது. இந்த நிமிடமே நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயிண்ட்டில் எர்த் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எலி கடித்த ஒயர், ஈரமான மோட்டார் எல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: அடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, ஸ்பின்னில் விமானம் கிளம்புகிற சத்தம்.

கியர் பாக்ஸுக்குக் கீழே பழுப்பாகத் துருக்கோடு இறங்கியிருந்தால் ஷாஃப்ட் சீல் போய், பேரிங்கும் போய்விட்டது. இதற்கு டிரம்மையே வெளியே எடுக்க வேண்டும், பெரிய ஹப் நட்டுக்குத் தனி ஸ்பானர் வேண்டும். இதை மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள். அதுவரை ஓட்டாதீர்கள். சொட்டும் தண்ணீர் மோட்டார்மேல் விழுந்தால் அதுவும் சேர்ந்து போகும்.