குஞ்சுகள் வாய் பிளந்து மூச்சு வாங்கினால் முதலில் உமியைப் பாருங்கள்

கேள்வி: 200 நாட்டுக்கோழிக் குஞ்சுகளைப் புரூடரில் (சூடு கொடுத்துக் குஞ்சு வளர்க்கும் அடைப்பில்) விட்டு இன்று ஒன்பதாம் நாள். நான்கு நாளாகக் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்தபடி மூச்சு வாங்குகின்றன, தினமும் ஐந்தாறு சாகின்றன. கடையில் கொடுத்த ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலந்தும் கேட்கவில்லை. என்ன செய்வது ஐயா?

பதில்: தம்பி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது அனேகமாகப் பூசண நுரையீரல் நோய், பண்ணைக்காரர்கள் புரூடர் நிமோனியா என்பார்களே, அதுதான். அஸ்பர்ஜில்லஸ் பூசணத்தின் வித்துகள் தூசியோடு மூச்சில் போய் நுரையீரலிலேயே வளர்ந்துவிடும். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது, நிறுத்திவிடுங்கள்.

தரையில் பரப்பிய உமியில், தண்ணீர்த் தட்டுக்கு அடியில் கட்டிப்போனதை எடுத்து மெதுவாகப் பிட்டுப் பாருங்கள். உள்ளே சாம்பல் பச்சையாகப் பொடி இருந்து, புழுங்கல் நாற்றம் அடித்தால் காரணம் அங்கேதான் இருக்கிறது. சளி நோய் என்றால் கொரகொரவென்று சத்தம் கேட்கும், இதில் மூச்சுத் திணறும், சத்தம் பெரும்பாலும் இருக்காது. ஆனால் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோயிலும் மூச்சு வாங்கும் என்பதால் ஊகத்தோடு விடாமல், இன்றைக்குச் செத்த இரண்டு குஞ்சுகளைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோய் என்றால் நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் கடுகளவில் வெள்ளை மஞ்சள் முடிச்சுகள் தெரியும்.

ரொம்பத் திணறுகிற குஞ்சுகளைக் காப்பாற்றுவது கஷ்டம், அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மற்றவற்றைக் காப்பாற்றலாம். இது குஞ்சுக்குக் குஞ்சு ஒட்டுவதில்லை, எல்லாம் ஒரே தூசியைச் சுவாசிப்பதால்தான் வருகிறது. அதனால் இன்றே குஞ்சுகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, பழைய உமி மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து (காய்ந்தபடி வாரினால் வித்து பறக்கும்) முழுசாக அள்ளி எரித்துவிடுங்கள், தரையைக் கழுவிக் காயவிட்டு, நன்றாக வெயிலில் காய்ந்த புது உமி போடுங்கள். கட்டி தட்டிய தீவனம் இருந்தால் அதையும் கொட்டிவிடுங்கள். மருத்துவர் சரி என்றால் குடிதண்ணீரில் லிட்டருக்கு அரை கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) மூன்று நாள் கொடுக்கலாம், பிளாஸ்டிக் தட்டில் மட்டும். கண்ணளவில் போடாதீர்கள், கூடினால் அதுவே விஷம்.

அப்புறம், குஞ்சு வந்த முதல் இரண்டு மூன்று நாளிலேயே சாவு இருந்ததா? அப்படியென்றால் பொரிப்பகத்திலிருந்தே வந்திருக்கலாம், அதே ஈட்டில் வாங்கியவர்களிடமும் விசாரியுங்கள். உமியை அள்ளும்போது மாஸ்க் கட்டாயம், வீட்டில் வீசிங் உள்ளவர்களை அந்தப் பக்கமே விடாதீர்கள்.